மூடி போட வந்தவர்

இது நடந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லும் கதைகளில் முதலை டோங்கிப் படகு ஓட்டியதும் உண்டு, சாத்தம் மரமில்லில் அறுத்த பலகை ஒன்று தானாக நீந்தி பம்பூஃபிளாட் போய்ச் சேர்ந்ததும் உண்டு. அவற்றில் பாதியைத் தள்ளிவிட்டுக் கேட்கலாம். மீதிப் பாதியைத் தள்ளினாலும் எனக்கு வருத்தமில்லை. இதில் தள்ளுவதற்கு ஒன்றும் கிடையாது. இதில் வரும் நேரங்களும் எண்களும் கம்ப்யூட்டர் எழுதி வைத்தவை. கம்ப்யூட்டருக்குக் கதை கட்டத் தெரியாது.

ஜாக்குலின் போர்ட் பிளேர் டாலிகஞ்சில் பிறந்தவள். அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மீன்பிடிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். மகள் மெயின்லேண்ட் போய்ப் படித்து, ரேடியோ வானியலுக்கு ரிசீவர் செய்கிற இஞ்சினியரானாள். வானத்திலிருந்து வரும் மைக்ரோவேவைப் பிடிக்கிற கருவி அது. மைக்ரோவேவ் என்றதும் ரிசார்ட்டில் சோறு சுடவைக்கும் பெட்டி நினைவுக்கு வந்தால் தப்பில்லை. அலை அதே ஜாதிதான். வானத்தில் நட்சத்திரம் பிறக்கிற இடங்களில் மெத்தனால் மேகமாக நிற்கிறதாம். சாராயத்தில் கலந்தால் தெருவே காலியாகும், அதே மெத்தனால். அங்கே அதைக் குடிக்க ஆள் இல்லாததால் அது சும்மா முனகிக்கொண்டிருக்கிறது. அந்த முனகலைக் கேட்பதுதான் ஜாக்குலினின் வேலை.

இந்தக் கதைக்கு நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று. ரிசீவர் என்பது ஒரு தெர்மாமீட்டர். அதற்கு அலுமினியப் புனல் மாதிரி ஒரு வாய் உண்டு, ஹார்ன் என்பார்கள், ஒரு சாண் அகலம். அந்த வாய்க்கு முன்னால் எது இருக்கிறதோ அதன் சூட்டை ரிசீவர் சொல்லும். தொட வேண்டியதில்லை. கெல்வின் கணக்கில் சொல்லும். அதில் 273-ஐக் கழித்தால் நமக்குத் தெரிந்த டிகிரி வரும். சில்லறையை விட்டுவிடுவோம்.

மூன்று வருஷம் அவள் ஒரே ரிசீவரைச் செய்தாள். மெயின்லேண்டில் புதிதாக எழும்பும் ஒரு தொலைநோக்கிக்கு மூன்று பேரின் டிசைன்கள் போட்டியில் இருந்தன. தேர்வுக் குழு கேட்டது இதுதான்: உப்புக்காற்றும் புழுக்கமும் உள்ள இடத்தில் வைத்து, ஒரு மணி நேரம் இடைவிடாமல் எடுத்த அளவு. வெட்டாமல், ஒட்டாமல். உண்மையான சூட்டிலிருந்து ஒரு டிகிரிக்கு மேல் விலகக்கூடாது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள் வந்து சேர வேண்டும். ஒரு நிமிஷம் பிசகினாலும் மூன்று வருஷம் தண்ணீரில்.

அதற்குத்தான் ஹேவ்லாக் தீவுக்கு வந்தாள். காலாபத்தர் தாண்டி, காட்டு மேட்டுக்குப் பின்னால், கொப்பரை காயவைக்கிற பழைய ஷெட் ஒன்று. மொபைல் டவரின் சத்தம் மேட்டில் முட்டி நின்றுவிடும். அங்கே போன் கூடாது. வாக்கி-டாக்கி கூடாது. அவள் தன் போனை அணைத்து பிஸ்கட் டப்பாவுக்குள் போட்டு ஸ்கூட்டர் பெட்டியில் பூட்டி வைத்திருந்தாள், வேலை முடியும்வரை எடுப்பதில்லை என்று. கம்ப்யூட்டரே இரைச்சல் போடும் என்பதால் அவள் உட்காருவது ஷெட்டுக்குள் தகரம் அடித்த ஒரு சின்ன அறையில். ஜன்னல் இல்லை. கதவு மூடியிருந்தால் ஹார்ன் வானத்தைக் கேட்கும். திறந்தால் கம்ப்யூட்டரைக் கேட்கும்.

ஹார்ன் வெளியே மணலில், முப்பது அடி தள்ளி, வானத்தைப் பார்த்து நிற்கும். ஐந்து நிமிஷம் அதன் மேல் ஒரு மூடியைப் போட வேண்டும். பலகையில் கறுப்பு நுரைப்பஞ்சு ஒட்டிய மூடி. ஐந்து நிமிஷம் எடுக்க வேண்டும். மூடி போட்டால் சூடு, எடுத்தால் வானம். சூடும் குளிரும் மாறி மாறி. அதற்கு இன்னொரு ஆள் வேண்டும்.

அந்த ஆள் வின்சென்ட். ஐம்பத்தெட்டு வயது. படகு என்ஜின் மெக்கானிக். அலுமினியத்தை வெட்டி வளைத்து ஹார்னைச் செய்தவரும் அவர்தான். உள்ளே இருப்பவளும் வெளியே இருப்பவரும் பேசிக்கொள்ள வழி இல்லாததால், தகரச் சுவரில் விரல் நுழையும் ஓட்டை போட்டு, தூண்டில் நரம்பை விட்டு, அறைக்குள் ஒரு மணியைக் கட்டினார். வெளிமுனையில் பிடிப்பதற்குச் சிவப்பு மிதவை ஒன்று. ஒரு நீள இழுப்பு என்றால், வந்துட்டேன். ஒன்று என்றால், மூடி போட்டாச்சு. இரண்டு என்றால், எடுத்தாச்சு. நான்கு என்றால், முடிஞ்சுது, நான் கிளம்புறேன்.

மூன்று கிடையாது. மூன்றை அவர் வேறு வேலைக்கு வைத்திருந்தார்.

“அண்ணே, கம்ப்யூட்டர் லாக்ல பாருங்க. கடைசியில இது என்ன மூணு மேடு?”

“ஆசீர்வாதம்.”

“யாருக்கு?”

“உன் மிஷினுக்குத்தான் தங்கச்சி. கைய மேல வச்சு, பிதா, சுதன், பரிசுத்த ஆவி.”

“மூணாவது மட்டும் ஏன் இவ்வளவு நீளம்?”

“ஆவியில்லா. சட்டுனு போயிருமா?”

அவள் திட்டிப் பார்த்தாள். அவர் நிறுத்தவில்லை. போகட்டும் என்று அந்த மூன்று மேட்டையே அளவு முடிந்ததற்கு அடையாளமாக வைத்துக்கொண்டாள். வின்சென்ட்டின் உள்ளங்கை 306 காட்டும். 273 போனால் முப்பத்துமூன்று. வெயிலில் நிற்கிற மனுஷனின் கை. கடலில் முங்கிவிட்டு வந்த அன்று மட்டும் 304.

அந்த வாரம் திங்கட்கிழமை அவருக்குப் பிரஷர் மாத்திரை தீர்ந்துபோனது. ஹேவ்லாக் கடையில், கப்பலில் வருகிறது என்றார்கள்.

“போர்ட் பிளேர் ஒரு எட்டு போய்ட்டு வந்துர்றேன் தங்கச்சி.”

“நாளைக்குப் போங்கண்ணே. இன்னிக்குக் காத்து நல்லா இருக்கு, ஒரு ரவுண்டு பாத்துருவோம்.”

செவ்வாய்க்கிழமையும் நாளைக்கு என்றாள். புதன்கிழமையும் நாளைக்கு என்றாள். வியாழக்கிழமை காலை அவர் முகம் கொஞ்சம் வீங்கினாற்போல் இருந்தது. ஃபெர்ரிக்கு ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டாள்.

“நாளைக்கு ரெண்டு மணிக்கு மூடி போடணும். அதான் கடைசி நாள்.”

“போடுவோம்.”

“பக்காவா?”

“அரே, எப்படியும் வந்துருவேன். வேற எவனையும் மூடியத் தொட விடாத. நுரை பிஞ்சுரும்.”

எப்படியும் என்றார். அவள் அதைச் சாதாரணமாகத்தான் கேட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஃபெர்ரி வந்திருக்க வேண்டிய நேரம் போனது. பன்னிரண்டு ஆனது. ஒன்று ஆனது. கிழக்கே கடல்மேல் மழை கறுத்துக்கொண்டு வந்தது. ஜாக்குலின் இரண்டு முறை ரோடு வரை போய்ப் பார்த்தாள். யாருமில்லை. ஒன்று நாற்பத்தைந்துக்கு அறைக்குள் போய்க் கதவை மூடிக்கொண்டு கருவியைச் சூடாக்கினாள். கருவி நிலைக்கு வரக் கால் மணி நேரம் வேண்டும். ஆள் வந்தால் அளவு, வராவிட்டால்…

1.56. மணி அடித்தது.

ஒரு நீள இழுப்பு.

அவளுக்கு உயிர் வந்தது. ஓட்டையில் வாயை வைத்துக் கத்தினாள்.

“அண்ணே, சாப்பிட்டீங்களா?”

பதில் இல்லை. வின்சென்ட் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாத ஆள் இல்லை. கேட்காத கேள்விக்கும் சொல்லுகிற ஆள். கோபமாக இருப்பார் என்று நினைத்தாள். மூணு நாள் மாத்திரை இல்லாமல் நிறுத்தி வைத்தால் யாருக்குத்தான் கோபம் வராது.

2.00. ஒரு இழுப்பு. மூடி போட்டாச்சு.

கருவியோடு ஒரு சின்ன ஸ்பீக்கரும் உண்டு. சூடு என்றால் இரைச்சல் ஏறும், குளிர் என்றால் இறங்கும். ஷ்ஷ்ஷ் என்று ஏறியது. திரையில் 302.5. சுவரில் தொங்கிய தெர்மாமீட்டர் 29 காட்டியது, அதாவது 302. ரிசீவர் அரை டிகிரி கூடச் சொல்கிறது. அல்லது தெர்மாமீட்டர் குறைத்துச் சொல்கிறது. கடையில் வாங்கிய தெர்மாமீட்டரை யார் நம்புவது. அவள் அதைக் குறித்துக்கூட வைக்கவில்லை.

2.05. இரண்டு இழுப்பு. இரைச்சல் இறங்கியது. வானம்.

2.10. ஒன்று. 2.15. இரண்டு.

எல்லாம் ஒழுங்காக நடந்தது. 2.20-க்குத்தான் அவளுக்கு ஏதோ உறுத்தியது. ஒழுங்காக நடந்ததுதான் உறுத்தியது. வின்சென்ட் ஒருநாளும் நேரத்துக்கு மூடி போட்டதில்லை. எட்டு விநாடி, பத்து விநாடி பிந்தும். இடையில் இருமுவார், பீடி பற்றவைப்பார், நண்டை விரட்டுவார். இன்று லாக்கில் பார்த்தால் 2.00.00. 2.05.00. 2.10.00…

ஒரு விநாடி பிசகவில்லை. அவர் கையில் கடிகாரமே கட்டுவதில்லை.

2.25.00. இரண்டு இழுப்பு.

அப்போதுதான் நரம்பைப் பார்த்தாள். ஓட்டையிலிருந்து மணி வரைக்கும் நரம்பு முழுக்க வியர்த்திருந்தது. பொடிப்பொடியாக நீர்முத்து. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த பாட்டில் வியர்க்குமே, அப்படி. மணியும் வியர்த்திருந்தது. அவள் விரலால் தொட்டாள்.

சில்லென்று இருந்தது.

அறைக்குள் அவள் சட்டை வேர்வையில் நனைந்து முதுகில் ஒட்டிக்கிடந்தது.

2.31. ஓட்டை வழியாக ஒரு வாடை வந்தது. பினாயில். மணலும் கடலும் காடும் உள்ள இடத்தில் பினாயில் எங்கிருந்து வரும்?

“அண்ணே?”

ஒன்றுமில்லை. அலைச் சத்தம்.

“வின்சென்ட் அண்ணே, எதாவது பேசுங்க.”

மணி லேசாக ஆடியது. அடிக்கவில்லை. யாரோ நரம்பைக் கையில் வைத்துக்கொண்டு, இழுக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல… ஆடியது.

கதவைத் திறந்தால் தெரிந்துவிடும். திறந்தால் மூன்று வருஷம் போய்விடும். அவள் கை தாழ்ப்பாள் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. இன்னும் இருபத்தொன்பது நிமிஷம்.

2.35.00. இரண்டு. 2.40.00. ஒன்று.

2.44. அவள் எழுந்து போய் ஓட்டையில் கண்ணை வைத்தாள்.

மணல். ஹார்ன். ஹார்ன் மேல் மூடி. அதற்கப்பால் கடல் ஈயம் மாதிரி கிடந்தது.

ஆள் இல்லை.

கண்ணை இடப்பக்கம் ஓட்டினாள். வலப்பக்கம் ஓட்டினாள். ஆள் நிற்கிற இடம் வேறு இல்லை. அவர் நரம்பைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். அவள் நரம்பைப் பின்தொடர்ந்து பார்த்தாள். ஓட்டையிலிருந்து மணல்மேல் போய்… அங்கே…

சிவப்பு மிதவை.

தரையில் இல்லை.

இடுப்பு உயரத்தில், காற்றில், நின்றுகொண்டிருந்தது.

2.45.00.

அவள் கன்னத்தை உரசிக்கொண்டு நரம்பு விறைத்தது. ஒரு தடவை. இன்னொரு தடவை. முதுகுக்குப் பின்னால் மணி அடித்தது. இரண்டு. ஸ்பீக்கரில் இரைச்சல் இறங்கியது. அவள் திடுக்கிட்டுத் திரும்பித் திரையைப் பார்த்தாள். வானம். மறுபடி ஓட்டையில் கண்ணை வைத்தாள்.

மூடி மணலில் மல்லாக்கக் கிடந்தது. நுரையில் மண் ஒட்டக்கூடாது என்று வின்சென்ட் எப்போதும் அப்படித்தான் வைப்பார்.

அவள் கீழே உட்கார்ந்துவிட்டாள். அருள் நிறைந்த மரியே சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் மறந்துபோனது. முதலிலிருந்து ஆரம்பித்தாள். அதே இடத்தில் மறந்தது.

2.50.00. ஒன்று.

2.55.00. இரண்டு.

இன்னும் ஐந்தே நிமிஷம். கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே எழுந்தாள். ஓட்டைக்குப் போனாள்.

ஹார்னின் வாய் திறந்திருந்தது. மூடி மணலில். மிதவை மணலில். சுற்றிலும் ஒன்றுமில்லை. ஒரு நண்டுகூட இல்லை.

ஷ்ஷ்ஷ்…

இரைச்சல் ஏறியது.

கண்முன்னால் ஹார்ன் காலியாக இருந்தது. காதில் யாரோ அதை மூடினார்கள்.

இறங்கியது.

பிதா.

ஷ்ஷ்ஷ்…

இறங்கியது.

சுதன்.

ஷ்ஷ்ஷ்…

இறங்கவில்லை.

2.57.

இறங்கவில்லை.

2.58. அவள் திரையைத் திரும்பிப் பார்த்தாள். 277.0.

306 இல்லை. 304 இல்லை.

277.0. நிலையாக நின்றது. உயிருள்ள கை இப்படி அசையாமல் நிற்காது.

2.59.

“அண்ணே,” என்றாள். “அண்ணே, போதும். போங்க.”

இறங்கியது.

3.00.00.

மணி.

ஒன்று. இரண்டு. மூன்று.

நான்கு.

நரம்பு தொய்ந்து விழுந்தது.

3.02-க்கு மழை வந்தது. தகரத்தில் கல் எறிந்ததுபோல் வந்தது. மழை ஹார்னுக்குள் இறங்கினால் உள்ளே இருக்கிற பாகங்கள் எல்லாம் போய்விடும். அது தெரிந்தும் அவளால் எழ முடியவில்லை. மழை விட்ட பிறகு, 3.20-க்கு, தாழ்ப்பாளை நீக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

ஹார்ன் மேல் மூடி இருந்தது. மூடி மேல் தார்ப்பாய் போர்த்தியிருந்தது. தார்ப்பாயைச் சுற்றிக் கயிறு. கயிற்றில் முடிச்சு. படகைத் துறையில் கட்டுகிற முடிச்சு அது. அவளுக்குக் கட்ட வராது. வாரக்கணக்கில் சொல்லிக்கொடுத்தும் வராமல், “படிச்ச கைக்கு இதெல்லாம் எங்க வரும்” என்று வின்சென்ட் கேலி செய்த முடிச்சு.

முடிச்சை அவிழ்க்கவில்லை. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினாள்.

மார்க்கெட்டில் இன்டர்நெட் உள்ள கடையில் உட்கார்ந்து 4.38-க்கு அளவை அனுப்பினாள். முழுசாக. வெட்டாமல், ஒட்டாமல். கீழே ஒரு வரி சேர்த்தாள்: கடைசியில் உள்ள மூன்று மேடுகள் ஆபரேட்டரின் கை. எழுதும்போது அப்படித்தான் நம்பினாள். வேறு எப்படி நம்புவது? வின்சென்ட் வந்தார், கோபத்தில் முகம் காட்டாமல் வேலையை முடித்தார், மழைக்கு முன் கட்டிவைத்துவிட்டுக் கிளம்பினார். மிதவை அவள் கண்ணின் கோளாறு. வெறும் வயிறு. புழுக்கம்.

பிறகு பிஸ்கட் டப்பாவைத் திறந்து போனை உயிர்ப்பித்தாள்.

இருபத்துமூன்று அழைப்புகள். எல்லாம் ஒரே எண். வின்சென்ட்டின் மனைவி செல்வம்மாள். முதலாவது வியாழக்கிழமை மாலை 6.10.

“எங்கட்டி போய்க் கிடந்த? நேத்துலேருந்து அடிக்கேன்.”

“போன் டப்பாவுல இருந்துச்சு மதினி. அண்ணன் கோவமா வந்தாரா? எங்கிட்ட பேசவே இல்ல.”

“அண்ணன் போயிட்டாரு.”

“எங்க? ஃபெர்ரிக்கா?”

“நேத்து சாயங்காலம். சாத்தத்துல எவனோ என்ஜின் பாக்கக் கூப்பிட்டான்னு போனாரு. படகு ஜெட்டியில அப்படியே உக்காந்தாராம். அஞ்சு நாப்பதுக்கு. மாத்திரை வாங்கிப் பையில வச்சிருக்காரு, அட்டையப் பிரிக்கல.”

ஜாக்குலின் கடையின் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“மக டயானா நாளைக்குத்தான் மெயின்லேண்ட்லேருந்து வாரா. அதுவரைக்கும் ஆஸ்பத்திரி ஐஸ் பெட்டியில வச்சிருக்கு. நேத்து ராத்திரி ஏழு மணிலேருந்து அதுக்குள்ளதான் கிடக்காரு. நீ வா.”

மறுநாள் காலை முதல் ஃபெர்ரியில் போர்ட் பிளேர் போனாள். ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம், தாழ்வாரத்தின் கடைசியில் அந்த அறை. உள்ளே நுழையும் முன்பே வாடை வந்தது. பினாயில். இரும்புப் பெட்டிகள் வரிசையாக. வின்சென்ட் இருந்த பெட்டியின் கதவில் சின்னக் கண்ணாடி, அதற்குள் சிவப்பு எழுத்தில் ஒரு எண்.

4.0.

அவள் கழிக்க நினைக்கவில்லை. தலை தானாகக் கழித்தது. பதினைந்து வருஷப் பழக்கம். 277-இல் 273 போனால் நான்கு.

அங்கே வேலை பார்க்கும் ஆள் அவள் அந்த எண்ணையே வெறித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தான். பிணம் கெட்டுவிடுமோ என்று பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

“சிந்தா மத் கரோ, மேடம். மீட்டர் ஆதா ஜ்யாதா திகாதா ஹை. அந்தர் சாடே தீன் ஹை.”

கவலைப்படாதே, மீட்டர் அரை டிகிரி கூடத்தான் காட்டும், உள்ளே மூணரைதான் என்றான்.

ஜாக்குலினுக்கு மூச்சு வந்தது. மூணரை. நான்கு இல்லை. அவளுடைய ரிசீவர் சொன்னது நான்கு. பெட்டிக்குள் இருப்பது மூணரை. அரை டிகிரி வித்தியாசம். அப்படியென்றால் இது வேறு, அது வேறு. ஹார்னுக்குள் ஈரம் இறங்கியிருக்கும், கனெக்டர் தளர்ந்திருக்கும், எண் தற்செயலாகப் பக்கத்தில் வந்து நின்றிருக்கும். பக்கத்தில்தான். அதே எண் இல்லை.

கதவைத் திறந்து காட்டினார்கள். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கைகளைப் பார்க்கவில்லை. அடக்கத்தின்போதும் பார்க்கவில்லை. எல்லோரும் கையைத் தொட்டு முத்தம் கொடுத்தபோது அவள் நெற்றியைத் தொட்டாள்.

அந்த அரை டிகிரியைப் பிடித்துக்கொண்டு அவள் ஒரு மாதம் வாழ்ந்தாள். கிண்டல் இல்லை. தூங்கப் போகும்போது அதைச் சொல்லிக்கொள்வாள். அரை டிகிரி வித்தியாசம். மற்றவர்கள் ஜெபம் சொல்வதுபோல. முடிச்சுக்கு மட்டும் அவள் விளக்கம் தேடவில்லை. தார்ப்பாயைக் கயிற்றோடு வெட்டி எடுத்தாள், ரிசீவரை மரப்பெட்டியில் வைத்து மெயின்லேண்ட் ஆய்வகத்துக்கு அனுப்பினாள், ஹேவ்லாக்குக்குப் போவதை நிறுத்தினாள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து டாலிகஞ்சில் செல்வம்மாள் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தேர்வுக் குழுவின் தலைவி, வைஜெயந்தி மேடம். ஜாக்குலின் வாசலுக்கு வந்து பேசினாள். பட்டப்பகல். தெருவில் மீன்காரன் போய்க்கொண்டிருந்தான்.

“ஜாக்குலின், உங்க டிசைன்தான். மத்த ரெண்டையும் ஒதுக்கியாச்சு.”

“தேங்க்ஸ் மேடம்.”

“பெட்டியப் பிரிச்சு நாங்களே ஒரு வாரம் அளந்து பாத்தோம். ஈரம் இல்ல, கனெக்டர்ல பழுது இல்ல. அந்த மழைக்கு அப்புறமும் உள்ள சுத்தமா இருந்துச்சு. நல்லா மூடி வெச்சிருக்கீங்க.”

அவள் போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

“ஒரு சின்னத் திருத்தம். உங்க ரிசீவர் அரை டிகிரி கூடக் காட்டுது. எல்லா அளவுலயும் அதே அரை, கூடுறதும் இல்ல குறையறதும் இல்ல. மூடி 302.5-ன்னு இருக்கு பாருங்க, அது 302. ஒரு டிகிரிக்குள்ளதான, பிரச்சனை இல்ல. லாக்ல எல்லா எண்லயும் அரையக் கழிச்சு ஒரு காப்பி அனுப்பிடுங்க.”

“சரி மேடம்.”

“அப்புறம் அந்த ஆபரேட்டர்… கைல ஐஸ் கட்டி எதாவது வெச்சிருந்தாரா? சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்.”

போனை வைத்த பிறகும் ஜாக்குலின் வாசலிலேயே நின்றாள். உள்ளே யாரோ அவளைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அவள் கழிக்க வேண்டாம் என்றுதான் நினைத்தாள்.

277-இல் அரை போனால் 276.5.

அதில் 273 போனால்…

சாடே தீன்.